வேலப்பன் வீட்டுச் சக்கை

வேலப்பன் போய்விட்டார் என்ற செய்தி படூரில் எங்கள் ஃபிளாட்டுக்கு ஒரு காலை வேளையில் வந்தது. போனை எடுத்தவள் என் மனைவி கனகா. நாகர்கோவிலிலிருந்து அவருடைய மகள் பேசினாளாம். முந்தின நாள் மதியம் சாப்பிட்டுவிட்டு ஈஸிச்சேரில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வலி இல்லை, ஆஸ்பத்திரி இல்லை, யாருக்கும் ஒரு தொந்தரவு இல்லை. கனகா சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஆனால் என் வாயிலிருந்து முதலில் வந்தது என்ன தெரியுமா? "பாத்தியா, சாவுலகூட அந்தாளு குடுத்து வச்சவன்!"

கனகா அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "செத்துப் போன மனுசன் மேலகூடவா உங்களுக்கு வயிறு எரியுது?" என்று கேட்டாள்.

எரியத்தான் செய்கிறது, என்ன செய்ய? நம் டவுன்ஷிப்பின் பதினோராம் தெருவில் குடியிருந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் எல்லோரும் வேலப்பனைத் தங்கம், வைரம் என்று எழுதுவீர்கள். அவர் வீட்டுக் காயைத் தின்ற வாய் வேறு எப்படிப் பேசும்? எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவருக்கு இந்தப் பக்கம் நின்று தினமும் அவர் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். எனக்கும் பேச உரிமை உண்டு.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவர் எட்டாம் நம்பர் வீட்டுக்குக் குடிவந்தார். நான் அதற்கு முன்பே ஏழாம் நம்பரில் இருந்தேன். அவர் வொர்க்‌ஷாப்பில் ஃபோர்மேன். நான் வரைபடப் பிரிவில். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர், கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். நான் செங்கல்பட்டு. யாராக இருந்தாலும் அவருக்கு 'ஓய்'தான். முதல் நாளே சுவரோரம் வந்து நின்று, என் மாமரத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "காய்க்குமா ஓய்?" என்று கேட்டார். வந்த அன்றே கேட்கிற கேள்வியா அது?

காய்க்கவில்லை. அதுதான் என் வாழ்க்கையின் தலைவலி. நல்ல நர்சரியில் தேடி வாங்கிய ஒட்டுமா. தை மாதம் மரமே தெரியாமல் பூ பூக்கும். கனகா மாவடு போட ஜாடியைக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைப்பாள். பிறகு கடலிலிருந்து உப்புக்காற்று நாலு நாள் அடிக்கும், பூவெல்லாம் கருகித் தரையில் கிடக்கும். ஒவ்வொரு வருஷமும் இதே கதை. சதுரங்கப்பட்டினத்துக் குப்பத்திலிருந்து கூடை சுமந்து மீன் விற்க வரும் அஞ்சலை, நிமிர்ந்து பார்த்து, "இன்னா நைனா, இந்த வருசமும் வெறும் எலதானா?" என்று கேட்டுவிட்டுத்தான் கூடையையே இறக்குவாள். எனக்குப் பெரிய ஆசையெல்லாம் கிடையாது. என் வீட்டு வாசலில் யாராவது ஒரு ஆள் நின்று, என்னிடம் இருக்கும் ஏதாவது ஒன்றைப் பார்த்து, நமக்கு இது இல்லையே என்று ஏங்க வேண்டும். ஒரே ஒரு தடவை போதும். அந்த ஆள் வேலப்பனாக இருந்துவிட்டால் பிறவிப் பயன் அடைந்துவிடுவேன்.

அவர் வந்த மறு வருஷம், கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "லீவில ஊருக்குப் போறேன் ஓய். வரும்போ ஒரு சக்க கொண்டு வாறேன், நடதுக்கு" என்றார். எங்கள் பக்கத்தில் சக்கை என்றால் கரும்பைப் பிழிந்த பிறகு மிஞ்சுகிறது. "சக்கைக்கா அவ்ளோ தூரம் போறீங்க? பஸ் ஸ்டாண்டு ஜூஸ் கடையில சொன்னா மூட்டையாவே குடுப்பானே!" என்றேன். மேசையே சிரித்தது. அவரும் கூடச் சிரித்தார். அப்போது எனக்கு எவ்வளவு சந்தோஷம்! அந்த மனிதரை நான் மடக்கிய ஒரே நாள் அதுதான், அதுவும் சாயங்காலம் வரைக்கும்கூட நிலைக்கவில்லை. அவர்கள் ஊரில் சக்கை என்றால் பலா என்று வொர்க்‌ஷாப்பில் யாரோ விளக்கம் சொல்லி, எனக்கு விவரம் பத்தாது என்று முடித்துவிட்டார்கள்.

ஈரச்சாக்கில் சுற்றி ரயிலில் அவர் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தது, இரண்டே இலை உள்ள ஒரு குச்சி. சீமைச்சக்கை என்றார். நம்மில் சிலர் சீமைப்பலா என்போம், சிலர் கறிப்பலா என்போம். மழையும் ஈரமும் உள்ள ஊரில் வளர வேண்டியது. இந்தக் கடல் மணலில், இந்த வெயிலில் அது ஒரு கோடைகூடத் தாங்காது என்று நான் தெரு முழுக்கச் சொல்லி வைத்தேன். வேலப்பன் ஆள் மூழ்கும் ஆழத்துக்குக் குழி வெட்டி, திருக்கழுக்குன்றத்துப் பக்கமிருந்து செம்மண் வரவழைத்துக் கொட்டினார். கடல் பக்கமாகத் தென்னங்கீற்றுத் தட்டி கட்டினார். அரிசி கழுவின தண்ணீர், குளித்த தண்ணீர், அஞ்சலை கூடையிலிருந்து மீன் தலை, குடல் எல்லாம் அதற்குத்தான். சித்திரை வெயிலில் சாப்பாட்டு நேரத்துக்கு சைக்கிளில் வந்து ஈரச்சாக்கைப் போர்த்திவிட்டுப் போவார். வீட்டுக்காரியைக்கூட அவர் அப்படிக் கவனித்து நான் பார்த்ததில்லை. அது வளர்ந்தது. தட்டிக்கு மேலே வளர்ந்தது, வீட்டுக்கு மேலே வளர்ந்தது. விரித்த கை மாதிரி ஒவ்வொரு இலையும் முறம் அகலம். பழுத்த இலை என் பக்கம் விழுந்தால் யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி சத்தம் கேட்கும். எழுந்து போய்ப் பார்த்துப் பார்த்து ஏமாந்திருக்கிறேன்.

முதல் காய் எங்களுக்குத்தான் வந்தது. அதை நான் மறுக்க மாட்டேன். பச்சைத் தோல், குழந்தைத் தலை அளவு, கையெல்லாம் பால். சுவருக்கு மேலே நீட்டி, "கனகாகிட்ட குடும்" என்று மட்டும் சொன்னார். பலா என்றால் நாங்கள் என்ன செய்வோம்? பழுக்க வைப்போம். கனகா அதை அரிசி டிரம்முக்குள் புதைத்தாள். நானும் தினமும் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். ஒரு வாரம் கழித்து, எண்ணெய் தடவிய கத்தி, வாழையிலை, தேன் எல்லாம் தயாராக வைத்துக்கொண்டு அறுத்தோம். உள்ளே சுளையும் இல்லை, கொட்டையும் இல்லை. பழைய சாதத்தைப் பிசைந்த மாதிரி ஒரு கொழகொழப்பு. அரிசி முழுக்கப் புளித்த நாற்றம்.

கனகாவுக்கு வந்ததே கோபம்! நேராகச் சுவரோரம் போய், வேலப்பனின் மனைவி தங்கம் அக்காவைக் கூப்பிட்டாள். "இன்னாக்கா குடுத்தீங்க? ஒரு சுளகூட இல்ல. உள்ள பூரா சக்கையாத்தான் கீது!"

தங்கம் அக்காவுக்குப் புரியவில்லை. "சக்கைக்குள்ள சக்கதானே இருக்கும்? பின்ன என்ன இருக்கும் பிள்ளே?" என்றார்.

"அதான் நானும் சொல்றேன். வெறும் சக்க!"

"ஆமா, சக்கதான்!"

இரண்டு பேரும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு சண்டை போட, வேலப்பன் உள்ளேயிருந்து வந்து விஷயத்தைக் கேட்டார். பிறகு மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும். "அது கறி வைக்கதுக்குள்ளது ஓய்! பழுக்க விட்டா போச்சு!" அன்று ராத்திரி தங்கம் அக்கா வறுத்தரைத்த குழம்பு ஒரு தூக்கு, எண்ணெயில் வறுத்த வில்லைகள் ஒரு தட்டு கொடுத்தனுப்பினார். சாப்பிடக் கூடாது என்றுதான் உட்கார்ந்தேன். கடைசியில் தூக்கை விரலால் வழித்தேன். அவ்வளவு ருசியாக அது இருந்திருக்க வேண்டியதில்லை.

அதன் பிறகு நடந்ததை நீங்களே அறிவீர்கள். வருஷத்துக்கு இரண்டு காய்ப்பு. தெருவுக்கே கொடுத்தார். மேலதிகாரியின் கார் எட்டாம் நம்பர் வாசலில் நின்றது; என் வாசலில் அது திரும்பத்தான் திரும்பியது. அஞ்சலை மீன் கூடையை அந்த நிழலில் இறக்கி வைத்து, வியாபாரத்தையே அங்கு மாற்றிவிட்டாள். நாங்கள் மீன் வாங்கக்கூட வேலப்பன் வீட்டுக்குத்தான் போக வேண்டும். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். புதிதாக வந்த கேஸ்காரன் ஒருநாள் போனில் வீட்டுக்கு வழி கேட்டான். தெரு, நம்பர், என் பெயர், என் பதவி எல்லாம் சொன்னேன். அவன் யோசித்துவிட்டு, "அட, சக்க மரத்து வூட்டுக்குப் பக்கத்து வூடா? இத மொதல்லயே சொல்ல வாணாமா சார்?" என்றான். செங்கல்பட்டு ஜில்லாவில் பிறந்தவனே சக்கை என்கிறான்! அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

வெட்கத்தை விட்டு ஒருநாள் கேட்டேன். "எனக்கும் ஒரு கன்னு குடுங்க சார்."

அவர் தலையைச் சொறிந்தார். "இதுக்குக் கொட்டை கெடையாது ஓய். வேரில காயம் பட்டாதான் கன்னு பொட்டும். வேர வெட்டணும். எனக்குக் கை வரல்ல."

"ஒரு சின்ன வெட்டுதானே?"

"உமக்கு எவ்வளவு காய் வேணும்னாலும் பறிச்சுக்கிடும். வெட்டு மட்டும் கேக்காதையும்."

காய் யாருக்கு ஐயா வேண்டும்? காய் ஊருக்கே கிடைக்கிறது. எனக்கு மரம் வேண்டும். என் மண்ணில் நிற்க வேண்டும். ஊரெல்லாம் தாராளமாகக் கொடுக்கிற மனிதர், என்னிடம் மட்டும் கையை மூடிக்கொண்டார் என்று ஒரு மாசம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தேன். அவர் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை. அது இன்னும் எரிச்சல்.

இரண்டாயிரத்தை ஒட்டி அவர் ரிட்டயர் ஆனார். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும், மரத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. நான் அன்றே எஸ்டேட் ஆபீஸுக்குப் போய், ஏழிலிருந்து எட்டுக்கு வீடு மாற்றித் தரும்படி எழுதிக் கொடுத்தேன். அங்கிருந்த கிளார்க் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா சார் இது? பக்கத்து வூட்டுக்கா? அதே ரெண்டு ரூமு, அதே கிச்சனு. அங்க இன்னா சார் கீது?" என்றார். காற்று நன்றாக வரும் என்றேன். "செவுத்துக்கு அந்தாண்ட வர காத்து இந்தாண்ட வராதா?" என்று பக்கத்து மேசைக்குக் கேட்கும்படி சொன்னார். ஆபீஸ் முழுக்கச் சிரித்தாலும் சரி, வீடு கிடைத்தது. ஊருக்குக் கிளம்பும் நாளில் வேலப்பன் சாவியை என் கையில் கொடுத்து, "எனக்குத் தெரியும் ஓய், நீருதான் வருவீருன்னு" என்றார். மரத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஆட்டோவில் ஏறினார்.

இனி மரம் என்னுடையது என்று நினைத்தேன். அந்த வருஷக் காய்ப்புக்குத் தெருவில் ஒவ்வொருவராக வந்தார்கள். வந்து என்ன கேட்டார்கள்? "வேலப்பன் சார் மரத்துல ஒண்ணு பறிச்சிக்கவா?" தண்ணீர் விடுவது நான், இலை பெருக்குவது கனகா, மரம் மட்டும் நாகர்கோவிலில் இருக்கும் வேலப்பனுடையது! ஒருநாள் பொறுக்க முடியாமல் கடப்பாரையை எடுத்தேன். எனக்கு ஒன்றும் கை வராமல் போகவில்லை. வேரில் நன்றாக ஒரு போடு போட்டேன். அவர் தராத கன்று எனக்கு வரட்டும், அதை யாரும் வேலப்பன் மரம் என்று சொல்ல முடியாதல்லவா?

இரண்டு மாதம் மண்ணையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். கன்று வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் வந்தது! வேர் அடியில் புகுந்து போய், நான் விட்டுவிட்டு வந்த ஏழாம் நம்பரில், என் பழைய மாமரத்துக்குப் பக்கத்தில் ஜம்மென்று முளைத்து நின்றது. அங்கே புதிதாகக் குடிவந்த இன்ஜினீயர் தம்பி என்னைக் கூப்பிட்டுக் காட்டி, "லக்கு சார் எனக்கு. தானா மொளச்சிருக்கு!" என்றான். வயிற்றெரிச்சல் தாங்காமல் எஸ்.டி.டி. போட்டு வேலப்பனிடமே சொல்லி அழுதேன். மறுமுனையில் சிரிப்பு நிற்கவே இல்லை. "அது உம்மளத் தேடி உம்ம வீட்டுக்குப் போயிருக்கு ஓய். நீருதான் அங்க இல்ல!" என்றார். போனை வைத்துவிட்டேன்.

கடல் உள்ளே வந்த அந்த டிசம்பரில் நம் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை. வந்த தெருக்களைப் பற்றி இங்கே எழுத எனக்கு மனத்தெம்பு இல்லை. நாகர்கோவில் பக்கத்துக் கடற்கரையிலும் அன்று அழுகைதான். வேலப்பன் லைன் கிடைக்காமல் பகல் முழுக்க முயன்று சாயங்காலம் பேசினார். "நீரு இருக்கீரா? கனகா இருக்காளா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானாகத்தான், மரம் நன்றாக இருக்கிறது என்றேன். "அது கெடக்கட்டும்" என்றார். அன்று ஒரு நாள் மட்டும் அவர்மேல் எனக்கு ஒன்றும் இல்லாமல் இருந்தது.

பிறகு நானும் ரிட்டயர் ஆகி, மகனுக்கு நாவலூரில் வேலை என்பதால் படூருக்கு வந்துவிட்டேன். இப்போது இந்தச் செய்தி.

பதினாறாம் நாளுக்கு நானும் கனகாவும் நாகர்கோவில் போனோம். வீட்டைப் பார்த்தேன். பின்னால் தோட்டம், தோட்டத்தில் பலா, மா, சீமைச்சக்கை, எல்லாம் காய்த்துத் தொங்குகின்றன. கூட்டமோ கல்யாண வீடு மாதிரி. என் காரியத்துக்கு இதில் பாதி வருமா என்று அங்கேயும் ஒரு கணக்கு மனத்தில் ஓடியது. கூட்டம் கலைந்த பிறகு தங்கம் அக்கா எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எனக்கு வாய் சும்மா இருக்காதே. "அவர் மரத்தைப் பார்த்து நான் பட்ட பொறாமை கொஞ்சமா அக்கா?" என்றேன்.

தங்கம் அக்கா என்னையே பார்த்தார். "நீங்க பட்டியளா? நல்ல கூத்து! அவியல்லா உங்களப் பாத்துப் பொறாமப்பட்டாவ" என்றார்.

கேலி என்று நினைத்தேன். வேலப்பன் என்னைப் பார்த்தா? எதைப் பார்த்து? காய்க்காத மாமரத்தையா?

"நீங்க சனிக்கிழமை ஆனா செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறுவியல்லா, உங்க அம்மையப் பாக்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பையில அவிய குடுத்தனுப்பின முறுக்கோ, கீரையோ கொண்டுட்டு வருவிய. இவிய சுவரு பக்கத்துல நின்னு பாத்துட்டே இருப்பாவ. 'அவனுக்கு ஊரு ஒண்ணர மணிக்கூறு தங்கம்'னு சொல்லுவாவ. நாங்க அங்க வந்த முதல் வருசந்தான் இவிய அம்ம போனது. சேதி கேட்டு ராத்திரி பூரா பஸ்ஸில வந்து சேந்தப்போ எல்லாம் முடிஞ்சு போச்சு. மொகம் பாக்கல்ல. முதல் தெவசத்துக்கு வந்தப்போதான், அம்ம நட்ட சக்கையில இருந்து இந்தக் கன்ன எடுத்துட்டு வந்தாவ. 'அவன மாதிரி நமக்கு வாரா வாரம் வர முடியாதுல்லா, இதாவது அங்க நிக்கட்டும்'னாவ. இங்க வந்தப்புறமும் விடல்ல. உங்க அம்ம போன பெறவும் விடல்ல. சனிக்கிழமை மத்தியானம் ஆனா, 'அவன் இந்நேரம் பஸ்ஸு ஏறியிருந்த காலம்'னு சொல்லுவாவ."

கனகா என் கையைப் பிடித்தாள். சனிக்கிழமை பஸ் எனக்கு ஒரு பெரிய தொல்லையாகத்தான் இருந்தது. கூட்டம், வெயில், திருக்கழுக்குன்றத்தில் அரை மணி நேரம் சும்மா நிற்கும். போகாவிட்டால் அம்மா கோபித்துக்கொள்வாள் என்று போய்வருவேன். அதைப் பார்த்து ஒரு மனிதர் ஏங்குவார் என்று யாருக்குத் தோன்றும்? பாவி மனிதர், ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருப்பேனே! என் அம்மா அவருக்கும் ஒரு பை கட்டிக் கொடுத்திருப்பாள்.

"நிஜமாவா அக்கா? பொறாமைன்னே சொன்னாரா?" என்று கேட்டேன்.

"பொறாமன்னுதான் சொன்னாவ."

இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சொன்னார். அதற்குமேல் என்னால் அங்கே உட்கார முடியவில்லை. தோட்டத்துப் பக்கம் போய் அழுதுவிட்டு வந்தேன்.

பதினோராம் தெருக்காரர்களே, வேலப்பன் உங்கள் ஒவ்வொருவருக்கும் காய் கொடுத்தார், குழம்புக்குப் பக்குவம் சொன்னார், நிழலில் உட்கார இடம் கொடுத்தார். அதையெல்லாம் நீங்கள் எழுதுங்கள், பேசுங்கள், பங்கு போட்டுக்கொள்ளுங்கள். அவர் பொறாமைப்பட்டது என் ஒருவனைப் பார்த்துத்தான். அதை நான் வைத்துக்கொள்கிறேன். அதில் யாருக்கும் ஒரு துண்டுகூடத் தர மாட்டேன்.